அல்லியின் பெயரை எழுதச் சொன்னவள்

சுனாமிக்கு அடுத்த மாதம் குப்பத்தில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து எழுதிய பட்டியலில் மீனவக் குடும்பங்கள் மட்டும்தான். நீலாயதாட்சியின் பெயர் இருந்தது. அல்லியின் பெயர் இல்லை.

நீலாயதாட்சி ஏலத்தில் எடுக்கும் மீனைக் காரைக்கால் மார்க்கெட்டுக்குச் சுமந்து வருபவள் அல்லி. வரிச்சிக்குடி காலனித் தெருக்காரி. பன்னிரண்டு வருஷப் பழக்கம். இப்போது படகுகள் உடைந்து கிடந்தன, சுமை இல்லை. உப்புத்தண்ணீர் ஏறிய வயல்களில் அறுப்பும் இல்லை.

அரிசியில் பாதியைப் பையில் கட்டிக்கொண்டு நீலாயதாட்சி போனாள். எந்த வீடென்று தெரியாமல் தெருவில் கேட்க வேண்டியிருந்தது. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அல்லி தண்ணீர் தரலாமா என்று தயங்கி நின்றாள்.

"தாகமா இருக்குடி, ஒரு சொம்பு குடு" என்று நீலாயதாட்சியே கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அல்லி பையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னிக்கு வாங்கிக்கிறேங்க்கா, புள்ளைங்க பசியா இருக்கு. ஆனா தெனமும் ஒங்க கையில வாங்க எனக்குக் கூசும். எம் பேர எழுதச் சொல்லுங்க."

நீலாயதாட்சி பஞ்சாயத்துத் தலைவர் மருதையனிடம் போனாள். உறவில் மாமா.

"நம்ம சனத்துக்கே பத்தல. அவங்க வேற ஆளுங்க. அலை அவங்க வீட்டுக்குள்ள வந்துச்சா?"

"வீட்டுக்கு வரல மாமா. பொழப்புக்கு வந்துச்சே."

பட்டியல் மாறவில்லை.

மறுவாரம் தொண்டு நிறுவனத்திலிருந்து ஷர்மிளா என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். நீலாயதாட்சி அவளை நேராக வரிச்சிக்குடிக்கு அழைத்துப் போனாள்.

"என்ன தொழில்?" என்று ஷர்மிளா கேட்டாள்.

"கூலி" என்றாள் அல்லி.

"மீன் தொழில்னு எழுதும்மா" என்றாள் நீலாயதாட்சி. "இவ இல்லாம என் மீனு மார்க்கெட்டுக்குப் போவாது."

ஷர்மிளா புதுத் தாள் எடுத்தாள். அந்தத் தெருவில் ஒன்பது பெண்களின் பெயர் ஏறியது. குப்பத்தில் சிலர் நீலாயதாட்சியோடு பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் அரிசி வந்த அன்று வரிச்சிக்குடி வரிசையில் அல்லியின் பக்கத்திலேயே நின்றாள்.

"ஒங்களுக்குத்தான் இங்க டோக்கன் இல்லியே, ஏன்க்கா வெயில்ல நிக்கிறீங்க?"

"ஒன்னப் பாத்து நாளாச்சு."

அல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வீட்டுக்கு வாங்க. ஒல வைக்கிறேன், சாப்ட்டுட்டுப் போவலாம்."

முருங்கைக்காய்க் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே நீலாயதாட்சி இரண்டாம் தடவையும் சோறு கேட்டாள்.