சொட்டு நின்ற கீசர்

கம்பெனியில் அவருக்கு சேஃப்டி சார் என்று பெயர். கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்குபவனை நிறுத்திவைத்து வகுப்பெடுப்பார். பேசாமல் விழுந்தே தொலைத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் ஏறி, குளியலறை கீசருக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த குட்டி வால்வைப் பசை வைத்து அடைத்தார். "பிளம்பரைக் கூப்பிடலாமே" என்ற மனைவியிடம், "பின்னே நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். சொட்டு நின்றது. அவர் பெருமை நிற்கவில்லை.

இன்று காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி குளித்துக்கொண்டிருந்த அறைக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. தண்ணீர் சுட்டதும் தானாக நிற்க வேண்டிய கீசர், நிற்காமல் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்த வால்வு ஒழுகவில்லை. மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதை அடைப்பதும் வெடிகுண்டு செய்வதும் ஒன்று என்று கம்பெனி பாய்லர் அறையில் எழுதி ஒட்டியவரே அவர்தான்.

வெளிச்சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். சத்தம் ஓயவில்லை. அந்தத் தொட்டி அவள் தலைக்கு நேர் மேலே.

"சீக்கிரம் வெளிய வா!"

"இப்பதாங்க சோப்பு போட்டேன்."

"தரை வழுக்கும், வா சொல்றேன்!"

"ஆரம்பிச்சிட்டீங்களா? குளிக்கிறதுக்குமா கிளாஸ் எடுப்பீங்க?"

"உனக்கு போன் வந்திருக்கு!"

"அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க."

கதவைத் தோளால் இடித்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. பாதுகாப்புக்காக அவரே தேடி வாங்கிப் போட்ட தாழ்ப்பாள். உள்ளே 'டங்' என்று ஏதோ அடித்தது. வாயைத் திறந்தாலே எச்சரிக்கை என்று இத்தனை வருஷம் வாழ்ந்தவரின் எச்சரிக்கையை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

"நான் தப்புப் பண்ணிட்டேன்டி!" குரல் உடைந்தது. "அந்த வால்வை அடைச்சிருக்கக் கூடாது. கீசர் வெடிச்சிடும். வந்துடுடி!"

உள்ளே சொம்பு உருண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல் 'தப்பு'. அதைக் கேட்டதுமே அவளுக்கு ஆபத்தின் அளவு புரிந்துவிட்டது. நுரையோடு நைட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

மாடிப்படி முழுவதையும் சேஃப்டி சார் கைப்பிடியைத் தொடாமலே இறங்கினார்.

தெருவில் நின்று இருவரும் மேலே பார்த்தார்கள்.

"இத்தனை நாளும், இன்னிக்குக் காலையிலயும்கூட, பாப்பாவை அதுக்கடியிலதான குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பினேன்" என்றாள்.

அவர் அவளை இன்னும் நாலடி பின்னுக்கு இழுத்தார்.

மேலே கடகடப்பு சட்டென்று ஓய்ந்தது. ஆறுகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

"இப்ப என்னங்க பண்றது?"

'யாரையாவது உள்ளே அனுப்பிப் பார்க்கணும்' என்று தொண்டை வரை வந்தது. கம்பெனியில் என்றால் அதற்கு ஆள் உண்டு. விழுங்கினார்.

"யாரும் உள்ளே போகக் கூடாது. நானும்தான்."

கண்ணில் சோப்பு எரிய, அவள் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பிளம்பரையாவது கூப்பிடுங்க."

போனை எடுத்தார். எண் தப்புத் தப்பாக விழுந்துகொண்டிருந்தது.