பொருள்: வயிற்று வலி தொடர்பாக

1

இருந்தவர்கள்: தையல்நாயகி, ஜெராக்ஸ் மிஷினை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் அண்ணன் பெரியசாமி, தாள் கட்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல். அவள் வீட்டுக்காரர் சின்னதுரை, கடைக்கு வெளியே, ஸ்டாண்டு போட்ட மொபெட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான், மேசைக்குப் பின்னால். இடம், விழுப்புரம் பக்கம் கெடாரில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்.

(மனு எழுதுகிறவளுக்குக் கதையும் இப்படித்தான் வருகிறது. அனுப்புநர், பெறுநர் போடாமல் விட்டதே பெரிய காரியம்.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். என் தப்பிலிருந்து வந்தது. எழுதித் தரும் ஒவ்வொரு மனுவிலும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைப்பது என் பழக்கம். மே மாதக் கோப்பில் பதினேழாவது நகல் தையல்நாயகியுடையது. அதை ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தபோது எனக்கே

இல்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கெடாருக்கு மேற்கே கரும்பு பூத்துக் குலுங்கிய காலம்." அடித்துவிட்டேன். பூத்த கரும்பில் சாறு குறைந்துவிடும்; கரும்பைப் பூக்க விட்ட விவசாயி என்று எழுதினால் சின்னதுரை என்னோடு பேசமாட்டார்.

"சின்னதுரை நல்ல உழைப்பாளி. ஆனால் கொஞ்சம்". 'கொஞ்சம்' வரைக்கும் வந்த பேனா அங்கேயே நின்றுவிட்டது. குடிக்கிறவரைக் குடிக்கிறவர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. "கொஞ்சம் அப்படி இப்படி." "சாயங்காலத்துல பேச முடியாது." பேச்சிலேயே இவ்வளவு பக்குவம் என்றால், காகிதத்தில் கேட்கவே வேண்டாம்.

"மே மாதம் தையல்நாயகி வந்தாள்." இது அழகாக இல்லை. ஆனால் நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மே மாதம் தையல்நாயகி வந்தாள். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகள் அஸ்வினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பொருள்' என்ற இடத்தில் "வயிற்று வலி தொடர்பாக" என்று குண்டு குண்டாக எழுதினேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் யார் மேலும் குற்றமில்லை. வயிற்று வலி என்று எழுதியிருந்தால் வயிறு பார்க்கிற வரிசையில்தானே நிற்க வைப்பார்கள்? சின்னதுரையும் வாய் திறக்காமல் அந்த வரிசையில் நின்றார். வாய் திறக்காமல் மாத்திரை வாங்கினார். மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். எதை ஊற்றி விழுங்கினார் என்பதை எழுத வேண்டாம் என்று

(பாருங்கள், மறுபடியும். சரக்கு ஊற்றித்தான் விழுங்கினார்.)

மாத்திரை பலிக்கவில்லை என்றதும் பெரியசாமி அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டார். கையில் கயிறு இருக்கும்வரை குடிக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. சின்னதுரை அதைச் சத்தியமாகக் காப்பாற்றினார். காப்பாற்றிய இரண்டாம் நாள், மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்கும்போது, வெட்டி இழுத்து வரப்பில் விழுந்தார்.

அங்கே நான் இல்லை. ஆகவே தையல்நாயகியின் கண்ணால் பார்ப்போம். அவள் கையிலிருந்த களைக்கொட்டை வீசிவிட்டு ஓடினாள். இரும்பைக் கையில் வைத்தால் வலிப்பு நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வீசிய களைக்கொட்டும் இரும்புதான், அது நினைவுக்கு வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் அழுத்தினாள்.* கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கியது. கண் திறந்த சின்னதுரை சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தேம்பித் தேம்பி அழுதார். ஏன் அழுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. சாமி குத்தம் என்று நினைத்தாள்.

* சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டுமாம். இதைச் சொன்ன பவுலின் அடுத்த பகுதியில் வருகிறார்.

4

அதற்கு மறுவாரம்தான் மூவரும் என் கடையில், நான் முதலில் சொன்ன இடங்களில். நான் கோப்பைத் திறந்து பதினேழாவது நகலைப் பார்த்தேன். பிறகு குடியை நிறுத்த உதவும் இடங்களின் போன் எண்களைத் தேடினேன். ஒன்று சென்னை; அவ்வளவு தூரம் போக இவர்களால் ஆகாது. இன்னொன்று உபயோகத்தில் இல்லை. மூன்றாவது, திண்டிவனம் பக்கத்தில் ஒரு சிகிச்சை இல்லம். எடுத்தவர் பவுலின். ஸ்பீக்கரில் போட்டு, வரப்பில் விழுந்தது வரை சொன்னேன்.

"திங்கக்கெழம ஒரு பெட்டு காலியாவுதுங்க. அவரு வாயால சொன்னத எழுதி, கையெழுத்தோட தபால்ல போடுங்க."

"வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா?"

"வேணாங்க. அழுதுக்கினே அனுப்புறாங்க, காலையில டெலீட் பண்ணிடறாங்க. தபால்னா திரும்ப எடுக்க முடியாது பாருங்க. அப்புறம், அதுவரைக்கும் நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க. அதனாலதான் வலிப்பு வந்திருக்கு. இன்னிக்கே பக்கத்துல டாக்டர்கிட்ட காட்டி, அவர் சொல்றபடி செய்யுங்க."

போனை வைத்ததும் பெரியசாமி, "நிறுத்தாதீங்கன்னு சொல்ற ஆஸ்பத்திரியா? மாப்ளைக்கு ஏத்த எடம்தான்" என்றார்.

"நீ கயிறு கட்டிக் கிழிச்சது போதும், சும்மா இருண்ணா" என்றாள் தையல்நாயகி. பிறகு என் பக்கம் குனிந்து, "யக்கா, பொருள்ல வயித்து வலின்னே போட்டுடுங்க. தபால்காரரு அஸ்வினிக்குப் பாக்குற பையனுக்குச் சொந்தம், பிரிச்சுப் பாத்தாலும் பாப்பாரு."

வெளியே மொபெட்டிலிருந்து முதுகு பேசியது.

"வயித்துக்கு இன்னா? மூணு மாசமா மாத்திர தின்னு வயிறு கல்லாட்டம் கீது. மத்ததுதான் ஆடுது."

சின்னதுரை இறங்கி உள்ளே வந்தார். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே, "குடின்னு எழுதுங்க" என்றார்.

5

நான் எழுதியது: "மதுப்பழக்கத்தால் பாதிக்கப்பட்ட அடியேன்".

"யாரு அடியேன்? நான் சொன்னத மட்டும் எழுதுங்கக்கா. பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இல்லன்னா பிரஷ்ஷு புடிக்க முடியாது. கொல்லைக்குக் களையெடுக்கப் போவ ஒண்ணு. திரும்பி வந்தா கணக்கு இல்ல."

எழுதினேன்.

"வரப்புல வுழுந்தது. கண்ணு முழிச்சா கையில ஊட்டுச் சாவி. சரி, சாவியக் குடுத்துட்டு அம்மா ஊட்டுக்குப் போவப்போறான்னு நெனச்சிட்டேன்."

"ஐயோ, அது இரும்புக்கு வச்சதுய்யா!"

"அப்புறந்தான் தெரிஞ்சிது. அந்த ஒரு நிமிசத்த எழுதிக்குங்க."

தையல்நாயகி பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தாள், மறுபடி உள்ளே போட்டாள். போன வாரத்து அழுகைக்கு அவளுக்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது.

பெரியசாமி மட்டும், "அத எதுக்கு மாப்ள ஊருக்கெல்லாம்" என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் சின்னதுரை ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து மல்லாட்டை பிடுங்குகிறார். அடித்துவிட்டேன். அவர் இன்னும் பஸ்ஸே ஏறவில்லை.

இன்னொன்றில் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போகிறார். இதையும் அடித்தேன். கோடு சரியாக விழவில்லை, அடியில் எழுத்து தெரிகிறது. தெரியட்டும்.

திங்கட்கிழமை காலை நீங்கள் அந்த பஸ்ஸில் இருக்கலாம். கை நடுங்குகிற ஒருவரும், பையை மடியில் வைத்த ஒரு பெண்ணும் ஏறினால், தயவுசெய்து நகர்ந்து இடம் கொடுங்கள். ஏறாவிட்டால், அதை எனக்கு எழுதுங்கள். கோப்பில் இடம் இருக்கிறது.

இப்போது நகல் எடுத்தாயிற்று. சின்னதுரை கையெழுத்துப் போட்டார். பெயர் நான்கு எழுத்து தாண்டுவதற்குள் கோட்டை விட்டு இறங்கிவிட்டது. உறையை நானே ஒட்டுகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. பசை விரலெல்லாம் அப்ப, கோணலாக ஒட்டினார். எதிரிலிருந்த தபால் பெட்டிவரை மூவரும் போனார்கள். உறை உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உடனே அவர் விரல்கள் அந்தத் திறப்புக்குள் நுழைந்து துழாவின. மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

"எட்டலயா?" என்றாள் தையல்நாயகி.

"எட்டல" என்றார் சின்னதுரை, கையை வெளியே எடுத்துக்கொண்டே.