ரோய் டகெற்றுக்கு வருத்தம் பார்க்கப் போனது

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. போன தை மாதம் விட்பியில் ஒரு புது வீட்டுக் குடிபூரல். கீழே பேஸ்மென்றில், மடியில் பேப்பர்த் தட்டோடு இருந்தபோது பக்கத்துக் கதிரையிலிருந்து எனக்குக் கிடைத்தது. கதை சொன்னவரிடம் எழுதலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். ஆகவே ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன். அணிக்குப் பேரே வைக்கவில்லை. ரொறொன்ரோவில் ஒரு அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஆட்டக்காரன் இருக்கவில்லையே என்று என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

ரீவீயில் யாரோ அமெரிக்கன் ஃபுட்போல் போட்டுவிட்டிருந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கதிரைக் குலசிங்கத்தார் மட்டும் ரீவீக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டார்.

"என்னண்ணை, அங்கால திரும்பி இருக்கிறியள்? கழுத்துப் பிடிப்போ?"

"உதைப் பாத்துத்தான் தம்பி நான் நாலு வருஷம் சோறு திண்டனான். காணும்."

இதை எப்படித் தொடங்குவது என்று இரண்டு கிழமை மினக்கெட்டேன். முதலில் எழுதியது: "வானத்தில் எழுந்த பந்து, விடை தெரியாத ஒரு" — இல்லை. நாள் முழுக்கக் கார் ஃபக்ரறியில் கதவுகளுக்கு ஆணி முறுக்கிவிட்டு வருகிற என்னைப் போன்றவன் எழுதுகிற வசனம் அல்ல அது. அடுத்தது: "குலசிங்கத்தாருக்கு அன்று மனம் சரியில்லை." இதை எந்தக் கதைக்கும் வைக்கலாம். வெட்டியாயிற்று.

களைப்பாக இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

குலசிங்கத்தார் ஊரில் கலியாண வீடியோ எடுத்தவர். ரொறொன்ரோவில் பார்க்டேல் பக்கம் வந்து இறங்கி, ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவி, பிறகு யாரோ சொல்லி அந்த அணியின் வீடியோ அறையில் வேலை எடுத்தார். ஆட்டம் பதிந்த வீடியோ நாடாவை, அதாவது ரேப்பை, வெட்டி, ஒவ்வொரு ஆட்டக்காரனும் செய்ததைத் தனித்தனியே ஒட்டிக் கொடுக்க வேண்டும். "மாப்பிளை பொம்பிளைக்குப் பதிலா இடிபடுற ஆக்கள். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: அதில் குவாட்டர்பாக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்கத்து ஆட்கள் மாடு மாதிரி அவனை விழுத்த ஓடி வருவார்கள். வென்றால் பேர் அவனுக்கு. தோற்றால் ஏச்சு முழுக்க அவனுக்கு.

ரோய் டகெற் அந்த அணியின் குவாட்டர்பாக். வயது முப்பத்தெட்டு. பேப்பர்க்காரர் கிழவன் என்று எழுதினார்கள்.

[எங்கள் பெடியளில் பாதிப் பேர் அந்த வயதில்தான் பொம்பிளை பார்க்கத் தொடங்குகிறார்கள். அதனால் நான் எழுதின "கிழவன்" எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.]

1995 ஆட்டங்கள் முடிந்தன. ரோயின் ஒப்பந்தமும் முடிந்தது. இவனை இன்னும் வைத்திருப்பதா என்பதுதான் அணி மனேஜரின் தலையிடி. குலசிங்கத்தாருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரேப் ரேப்பாகப் பார்ப்பார். எறிந்த பந்து போய்ச் சேராததற்கு ரோயின் கை குற்றமா, அவனுக்கு முன்னால் நின்று மறிக்கிறவர்களின் குற்றமா, ஓடிப் பிடிக்கிறவனின் குற்றமா? முந்திய வருடங்களில் ஓடுகிறவன் தலையைத் திருப்பும்போது பந்து அங்கே இருக்கும். இப்போது ஓடுகிறவன் நின்று பந்துக்காகக் காத்திருக்கிறான். இது மனேஜருக்கும் தெரிந்தது, குலசிங்கத்தாருக்கும் தெரிந்தது. ஆனால் எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதை ரோய் அவர்கள் நிற்கிற நிலையிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதற்கு என்ன விலை போடுவது? அவனுடைய இடத்துக்குக் காத்திருந்த புதியவனுக்குக் கை துவக்கு மாதிரி, பந்து குண்டாய்ப் போகும். யாருக்கு எறிவது என்றுதான் தெரியாது. ரோய்க்கு இரண்டு வருடம் கொடுப்பதா, ஒரு வருடமா, பாதிச் சம்பளமா, இல்லை கையைக் குலுக்கி அனுப்பிவிடுவதா?

மனேஜர் போன பிறகு ரோய் வருவான். அதே கதிரையில் இருந்து அதே ரேப்பைப் பார்ப்பான். "குல், அதைத் திருப்பிப் போடு" என்பான். அந்தக் கட்டடத்தில் குலசிங்கத்தாரிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

[கடைசி வசனம் நான் சேர்த்தது. குலசிங்கத்தார் "நல்ல பெடியன்" என்று மட்டும்தான் சொன்னார். எனக்கு அது போதாமல் இருந்தது.]

3

மார்கழியில் ஒரு கிழமை ரோயைக் காணவில்லை. குலசிங்கத்தார் போன் எடுத்தார். தோளில் ஊசி போட்டிருக்கிறது, வீட்டில் இருக்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை என்றான்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒருவருக்கு வருத்தம், அதாவது உடம்புக்கு ஏலாது என்றால், போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்லாமல் நாம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அது பெரிய குற்றம். "தெரிஞ்சும் எங்களுக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று வருடக்கணக்கில் கதை பேச்சில்லாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஆகவே குலசிங்கத்தார் சொன்னார். முன் மேசையில் இருந்த செலீன் என்ற வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சொன்னார். உடுப்புத் தோய்க்கிறவர்களுக்குச் சொன்னார். படியில் எதிர்ப்பட்ட பயிற்சியாளர் ஒருவருக்கும் சொன்னார். "ரோய்க்குத் தோள் ஏலாதாம். ஊசி போட்டிருக்காம். நானும் மனிசியும் சனிக்கிழமை போறம். நீங்களும் வாறியளோ?"

[இந்த இடத்தில் என் ஆளை நானே சந்தேகித்தேன். ஒப்பந்தப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்த மனிதர் இதை ஊர் முழுக்கச் சொல்வாரா? விட்பியில் கேட்டும் விட்டேன். "நான் ஒரு மனிசனுக்கு வருத்தமெண்டு சொன்னன். ஒப்பந்தத்தைப் பற்றி ஆரோடையும் கதைக்கேல்லை" என்றார். பிறகு வீட்டில் நம்பாமல் எழுதிப் பார்த்தேன்: "ரோய் போய்விட்டால் நல்லது என்று குலசிங்கத்தாரின் உள்மனம்" — அதற்கு மேல் பேனை போகவில்லை. நம்புகிறேன்.]

இரண்டு குலை முந்திரிகைப் பழம், தோடம்பழம், ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ். மனைவி கமலாம்பிகை சீலைக்கு மேலே குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"உந்தப் பெரிய ஆளுக்கு ஒரு போத்தில் காணுமேயப்பா?"

"அவனுக்கு உது என்னெண்டே தெரியாது. சும்மா கொண்டு வாரும்."

ஏரிக்கரையோரம் உயரமான கட்டடம். ரோய் இடது கையால் கதவைத் திறந்தான். பழப் பையைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், உள்ளே வரச் சொன்னான். தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போனான். கோப்பைகள் மேல்தட்டில் இருந்தன. வலது கை நெஞ்சு வரைக்கும் போய் அங்கேயே நின்றது. இவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இன்னொரு முறை உயர்த்திப் பார்த்தான்.

கமலாம்பிகை எழுந்து போனார். ஒரு ஸ்டூலை இழுத்து, சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆறடி தாண்டிய அந்த ஆள் கீழே நின்று இடது கையால் வாங்கி வைத்தான்.

"நீர் போய் இரும் தம்பி. தேத்தண்ணியை நான் போடுறன்" என்றார், தமிழில்தான். அவன் போய் இருந்தான்.

புறப்படும்போது வாசலில் வைத்துச் சொன்னான்: "குல், இது எங்கள் மூண்டு பேருக்குள்ள இருக்கட்டும். தோள் சுகமெண்டுதான் மனேஜர் ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறன். வெள்ளிக்கிழமை முடிவு. எனக்கு வேற வேலை தெரியாது."

[ஆங்கிலத்தில் சொல்லியிருப்பான். குலசிங்கத்தார் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.]

குலசிங்கத்தார் தலையை ஆட்டினார். ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொல்லவில்லை.

லிஃப்ற்றில் கமலாம்பிகை கேட்டார். "எத்தினை பேருக்கப்பா சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

"கொஞ்சப் பேருக்கு."

"ஏன்?"

"சொல்லாட்டிக் கோவிப்பினமெல்லே."

"ஆர், வெள்ளைக்காரரோ?"

4

திங்கட்கிழமை மனேஜர் வீடியோ அறைக்கு வந்தார். ரேப் போடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்.

[அவரைக் கெட்டவராக ஒரு முறை எழுதினேன், சுருட்டெல்லாம் கொடுத்து. விட்பியில் கேட்ட மனேஜர் அப்படியில்லை. அவரும் நித்திரை காணாத மனிதர்தான்.]

"குல், நீ ரோயைப் பாக்கப் போனதாச் சொல்லுகினம். நல்ல காரியம். எங்களில ஒருத்தரும் போகேல்லை." தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "எல்லா ரேப்பும் பாத்திட்டன். எனக்குப் பிடிபடேல்லை. தோள் சுகமெண்டு அவன் சொல்லுறான். ஊசியெண்டு செலீன் சொல்லுறாள். நீ கிட்ட இருந்து பாத்தனீ. சொல்லு, அவனால எறிய ஏலுமோ?"

விட்பியில் இவர் இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மேலேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். குலசிங்கத்தார் தட்டை மடித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டுப் படியேறிவிட்டார்.

5

நீங்கள் கேட்கப்போவது தெரியும். ரோய்க்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை புதியவனை எடுத்தார்கள். தை பிறக்க முன்னமே குலசிங்கத்தாரும் வேலையை விட்டுவிட்டார். இப்போது ரெக்ஸ்டேலில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி அடுக்குகிறார்.

குலசிங்கத்தார் "அவன் சுகம்" என்று சொல்லி எழுதினேன். மனேஜர் நம்பவில்லை, பொய் வீணாகப் போயிற்று. "ஏலாது" என்று சொல்லியும் எழுதினேன். அதில் ரோய் இன்னும் இடிபட்டுச் சிதறாமல் தப்பினான், ஆனால் நம்பின ஒருவர் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டார். "எனக்குத் தெரியாது" என்றும் ஒன்று. அப்படி நழுவினால் என்ன அர்த்தம் என்று மனேஜருக்கு விளங்காதா? மூன்றுக்கும் முடிவு அதே வெள்ளிக்கிழமைதான். மூன்றும் கிழிபட்டுக் கிடக்கின்றன.

போன கிழமை பொறுக்க முடியாமல் போன் எடுத்தேன். கமலாம்பிகை அக்கா எடுத்தார். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அவர் உள்ளுக்குத்தான் இருக்கிறார் தம்பி. கூப்பிடட்டோ? ஆனா உதை மட்டும் கேக்காதேங்கோ. எனக்கே இன்னும் சொல்லேல்லை."

கூப்பிட வேண்டாம் என்றேன்.

மனிசிக்குச் சொல்லாததை உங்களுக்கு நான் எப்படிச் சொல்வது? ஒரு வரி இடம் விடுகிறேன். நீங்களும் அந்தப் பழப் பையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடியவர்கள்தான்.

அவனால் எறிய ஏலுமோ என்று மனேஜர் கேட்டார். குலசிங்கத்தார் சொன்னார்:

"........................................"

ரோய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கமலாம்பிகை அக்கா வாசிப்பார். அதை யோசித்து எழுதுங்கள்.