பச்சை வயர்

சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் மின் அலைகளைத் திரையில் காட்டும் அந்தப் பெரிய ஆசிலாஸ்கோப்பை மேசையிலிருந்து தூக்கியபோது, அதன் வயர் தரையில் இழுபட்டு பிளக் அவள் காலில் வந்து தட்டியது. குனிந்து எடுத்தாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். சாக்கெட்டின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

சுவிட்சை அணைக்காமல் பிளக்கைப் பிடுங்குகிற ஆள் இல்லை அப்பா.

எங்கே வைப்பது என்று சித்தப்பா மூச்சு வாங்கக் கேட்டார். பின்னறையைக் காட்டிவிட்டு, பிளக்கை விடாமல் அவர்கள் பின்னாலேயே நடந்தாள்.

முன்னறைதான் அப்பாவின் பட்டறை. வருகிறவர்கள் பார்க்க அவரைக் கிடத்துவதற்கு அந்த வீட்டில் வேறு இடமில்லை. பழைய சோதனைக் கருவிகளைப் பழுது பார்த்து, சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் தருவது அவர் தொழில். பதினோரு வருடமாக அவளும் அதே மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதையே செய்கிறாள். சுவரில் ஆணி ஆணியாக, முனையால் தொட்டு அளக்கும் புரோப் வயர்கள் தொங்கின. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் மாட்டி, திரையில் வரும் சதுர அலையின் மூலை மழுங்காமலும் கூர்ந்து எழாமலும் நிற்கும்வரை, அதன் குட்டித் திருகை மயிரிழை அளவு திருப்பிக்கொண்டிருப்பார். முப்பது கிலோ எடையுள்ள இந்த ஆசிலாஸ்கோப்புக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான். உள்ளே எல்லாம் பழைய ரேடியோக்களில் இருப்பது போன்ற வால்வு. சூடாகி வாயைத் திறக்க இருபது நிமிடம் ஆகும்; திறந்தால் பொய் சொல்ல மாட்டாள் என்பார்.

நேற்றுக் காலை அவள் ஒரு கல்லூரிக்கு மீட்டர்களைக் கொடுக்கப் போயிருந்தாள். அம்மா போன் செய்தபோது பதினொன்றரை. அவள் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துப் போனார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

சித்தப்பா ஆட்களோடு முன்னறைக்குத் திரும்பியதும் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

ஆறு நாட்களுக்கு முன்னால், கல்லூரியிலிருந்து வந்த ஒரு சின்னப் பவர் சப்ளைப் பெட்டியைப் பெரியம்மாவில் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கோடு மெலிதாக வராமல் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து நின்றது. இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு இரைச்சல் கொடுக்கிறதோ என்று சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பெரியம்மாவின் பிளக்கைத் திறந்து எர்த்துக்கான பச்சை வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்தாள். கோடு உடனே மெலிந்தது. சந்தேகம் சரிதான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பிளக்கை மூடினாள். வாசலில் கூரியர்காரர் கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் வேறு வேலை.

எர்த் இல்லாத கருவி எதையும் அப்பா தன் மேசையில் ஏற்றியதில்லை. பிளக்கில் மூன்றாவது கால் உடைந்திருந்தால், கொண்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். கல்லூரி லேப்களில் அவருக்கு 'எர்த் மாஸ்டர்' என்றே பட்டப்பெயர். அதில் அவருக்கு ரகசியமாகப் பெருமையும் உண்டு.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிளக்கைத் திறந்தாள். பச்சை வயர் தனியாக மடங்கிக் கிடந்தது. அதன் தலையில் கறுப்பு டேப். உரிக்க வசதியாக டேப்பின் நுனியை உள்ளே மடித்து ஒட்டுவது அவள் பழக்கம். நுனி மடித்திருந்தது.

இது மட்டுமே ஆளைக் கொல்லாது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே வேறு எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால் வெறும் சுருக்கென்ற உணர்ச்சியோடு போயிருக்கும். பிளக்கை மூடி, பின்னறைச் சாக்கெட்டில் செருகினாள். இரண்டு வயர் கட்டிய பதினைந்து வாட் பல்பு ஒன்று சோதனைக்கென்றே வைத்திருந்தார்கள். ஒரு வயரைப் பக்கத்துச் சாக்கெட்டின் எர்த் துளையில் செருகினாள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மற்ற வயரைப் பெரியம்மாவின் இரும்பு உடம்பில் வைத்தாள்.

பல்பு எரிந்தது. மங்கலாகக்கூட இல்லை, நன்றாகவே எரிந்தது.

ட்ரான்ஸ்ஃபார்மரில் எங்கோ இன்சுலேஷன் விட்டுப்போய், முழுக் கரண்டும் பெட்டியின் உடம்புக்கு வந்திருக்கிறது. பச்சை வயர் தன் இடத்தில் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அப்பா இரண்டு திட்டுத் திட்டிவிட்டு டீ கேட்டிருப்பார்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அம்மா உள்ளே நின்றுகொண்டிருந்தாள். பல்பைப் பார்த்தாள்.

"அணைச்சிடு."

அவள் அசையவில்லை. அம்மாவே வந்து சுவிட்சை அணைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசை விளிம்பில் சாய்ந்து நின்றாள்.

"நேத்து நான்தான் பிளக்கைப் புடுங்கினேன். அவர் ஒரு கை இதுமேல, இன்னொரு கை காலேஜ்லேருந்து வந்த அந்தச் சின்னப் பெட்டி மேல. கூப்பிட்டேன், திரும்பல. தோளைத் தொட்டப்ப எனக்கும் சுர்ருன்னுச்சு."

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லி?" அம்மாவின் குரல் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் எர்த்து எர்த்துன்னு பாடம் எடுத்த மனுஷன். கடைசியில அவரே அதைக் கழட்டிப் போட்டுட்டு மறந்துட்டாருன்னு நாலு பேர் பேசணுமா? அவரைத் தூக்குற வரைக்குமாவது மரியாதையா இருக்கட்டும்."

"அம்மா, அது அவரு..."

"மறதிடீ அவருக்கு. நாலஞ்சு மாசமாவே. அடுப்புல பாலை வெச்சுட்டுப் போயிடுவாரு. ஒரு நாள் உன் பேரு வரல அவருக்கு, என்கிட்ட கை ஜாடை காட்டிக் கேட்டாரு. உன்கிட்ட சொல்லிடாதேன்னாரு. சொன்னா நீ மேசைப் பக்கமே விடமாட்டியாம்." அம்மா மேசைத் துணியின் நுனியைப் பிடித்தாள். "நான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீ பாத்துக்கிட்டிருப்ப. என்னாலதான் போயிட்டாரு."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அம்மாவின் வலது கை விரல்கள் மேசைத் துணியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன. முன்னறையிலிருந்து சித்தப்பா, எல்லாம் தயார், அண்ணனைப் படுக்கையறையிலிருந்து கொண்டு வரலாமா என்று குரல் கொடுத்தார்.

"வந்துட்டோம்" என்றாள் அம்மா. மகளின் கையிலிருந்த கையுறைகளைத் தானே உருவி இழுப்பறையில் போட்டாள்.

பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். கல்லூரி லேப் உதவியாளர் ஒருவர் அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். நாற்பது வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்தி ஒரு ஷாக்கூட வாங்காத மனிதர், நெஞ்சு இப்படி ஏமாற்றிவிட்டதே என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, அப்பா பேரை நீதான் காப்பாற்ற வேண்டும் என்றார். அவளும் தலையசைத்தாள். கனமான எதையோ இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருப்பது போலவும், ஒருத்தி விட்டால் மற்றவள் காலில் விழும் போலவும் அவளுக்கு இருந்தது. மகள் பிடித்திருப்பது எது என்று அம்மாவுக்குத் தெரியாது.

பிற்பகலில் வண்டி வந்தது. அம்மா வாசற்படி வரை வந்து நின்றுவிட்டாள். மகளும் சித்தப்பாவும் வண்டியில் ஏறினார்கள். வழியில் சித்தப்பா, அண்ணன் சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் முடியாமல் விட்டுவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதால் யாராவது ஆறுதல் சொல்வார்கள், அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மயான அலுவலகத்தில் ஒரே ஒரு மேசை. கண்ணாடி போட்ட குமாஸ்தா டாக்டரின் சீட்டைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, தொழில். தொழிலுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார். எலெக்ட்ரிகல் என்று சித்தப்பா சொன்னதை எழுதிக்கொண்டார். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் யாரையும் கேட்கவில்லை. சீட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்தார்.

படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா. புத்தகத்துல ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவள் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினாள். குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தினார்.

"வேற ஏதாவது தப்பு இருக்கா?"

"இல்ல" என்றாள்.

அவர் பேனாவை அவளிடம் நீட்டினார்.