சித்திரையில் வந்த கொள்ளிவாய்

1

ஒட்டுக்கேட்டதுதான். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். லெப்பைக்குடிக்காடு பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நேத்து ரெண்டு வந்துச்சு மச்சான். ஒண்ணு குதிச்சு குதிச்சுப் போச்சு. இன்னொண்ணு நின்னு பாத்துச்சு."

எது வந்தது என்று தெரியாமல் இறங்க மனம் வரவில்லை. என் ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் புரிந்தது, கொள்ளிவாய்ப் பிசாசு. இருட்டியதும் சதுப்பில் தரையை ஒட்டி எரிந்தபடி நகருமே, அந்த வெளிச்சம். நான் கேட்டது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2

"அமாவாசை இருட்டில் நரிகள் ஊளையிட," (இந்தத் தொடக்கம் வேண்டாம். நான் நரியைப் பார்த்ததே இல்லை.)

"மக்கிய கோரையிலிருந்து கிளம்பும் வாயு காற்றில் பட்டு," (உண்மைதான். ஆனால் வாயுவுக்காக எவராவது தன் ஊரைத் தாண்டிப் போவாரா?)

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் ஹஃபீசாவை விட்டுவிட்டு ரஹ்மத்துல்லா குவைத்துக்குப் போய்விட்டார்.

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

3

தங்கமான மனுஷன்தான். போனில் மட்டும் பேசத் தெரியாது. "சாப்ட்டியா? அம்மா சாப்ட்டாங்களா? சரி, வைக்கவா?" இந்த மூன்று கேள்வியில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. ஹஃபீசாவோ பெரம்பலூர் டவுனில் பிறந்த வாயாடி. அவர் வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள், ஆடு மேய்க்கிற ஆண்டாயி ஏரிக்குப் பின்னால் இருக்கும் கோரைப்பள்ளத்தில் கொள்ளிவாயைப் பார்த்தாளாம் என்று ஹஃபீசா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பக்கம் மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பக்கம்? கருவக்காட்டுப் பக்கமா, நம்ம அத்தா நெலத்துப் பக்கமா?"

அரைமணி நேரம் பேசினார். பள்ளிக்கூட நாளில் அதைப் பார்த்துச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியது, ஓடிக்கொண்டே ஓதியதில் குர்ஆன் சூரா பாதி மறந்துபோனது எல்லாம் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். தன் புருஷன் இப்படிச் சிரிப்பான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுவாரம் ஆண்டாயி எதையும் பார்க்கவில்லை. ஹஃபீசா பார்த்தாள். (பார்க்கவில்லை. உங்களுக்கா சொல்லவேண்டும்?)

4

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு வெளிச்சத்துக்கு நொண்டி என்று பேர்கூட வைத்தாள். நொண்டிக்கு என்னாச்சு என்று அவரே கேட்டுப் போன் போட ஆரம்பித்தார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் கதையை யாரும் அரைமணி நேரம் கேட்டதில்லை.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். 'சித்திரை வெயில் தணிந்த அந்தியில் மூன்று வந்ததாகச் சொன்னாள்' என்று எழுதிவிட்டேன். சித்திரையில் கோரைப்பள்ளத்தில் ஏது தண்ணீர்? பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சேறில்லாமல் கொள்ளிவாய் வராது என்பது அந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். அடித்துவிடப் போனேன். பிறகு யோசித்தேன், டவுன்காரிக்கும் தெரியாதே! தப்பை அவள் தலையிலேயே கட்டிவிட்டேன்.

5

ஐப்பசியில் லீவில் வருவதாக ரஹ்மத்துல்லா சொன்னார். "வந்ததும் மொத வேல, ரெண்டு பேரும் பள்ளத்துக்குப் போறோம்."

ஹஃபீசா போனை வைத்த கையோடு ஆண்டாயியிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சித்திரையிலயா வந்துச்சுன்ன?" ஆண்டாயிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடி கூறுகெட்ட புள்ள, சித்திரையில அங்க என் ஆடுல்ல மேஞ்சுச்சு!"

"நீங்களாச்சும் ஒரு டார்ச்ச வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்கக்கா."

"போற வயசுல எனக்குப் பிசாசு வேசம் ஒண்ணுதான் கொறச்சல்."

(ஆண்டாயி ஒப்புக்கொண்டிருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை ஆகியிருக்கும். நான் சொல்வதை அவள் எங்கே கேட்கிறாள்?)

வீட்டுக்கு வந்த ஹஃபீசா, சித்திரைப் பேச்சுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நினைத்துப் பார்த்தாள். "அப்பறம்?" என்று மட்டும் கேட்டார். அப்படியானால் அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை மாதமும் கேட்டிருக்கிறார். நேரில் உட்காரவைத்து, "இதுலயே இவ்வளவு பொய்யின்னா, மத்ததுல?" என்று கேட்டுவிட்டால்? பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போனில் சேர்த்துவைத்த அந்த மனுஷன் மறுபடியும் மூன்று கேள்விக்காரராகிவிடுவாரோ என்று எனக்கும்தான் பயமாக இருந்தது.

6

வந்த மறுநாள், அந்தி மக்ரிப் தொழுதுவிட்டு வந்தவர் "கெளம்பு" என்றார். ஏரிக்கரைமேல் நடந்தார்கள். மழை பெய்து பள்ளம் நிறைந்திருந்தது. தவளைகள் காதைக் கிழித்தன. வெளிச்சம் என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும்..."

ரஹ்மத்துல்லா கையை நீட்டினார். "அந்தா பாரு. ஒண்ணு எந்திரிக்குது."

அவள் பார்த்தாள். இருட்டும் கோரையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவும் இருட்டில் தெரியவில்லை.

7

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அவள் உண்மையைச் சொல்லலாம். மனப்பாரம் குறையும். எழுதினேன், அடித்தேன். "ஆமா மச்சான், பின்னாடியே இன்னொண்ணு வருது" எனலாம். இருவரும் பொய்யர்கள் ஆவார்கள், ஆனால் சேர்ந்து ஆவார்கள். அதையும் எழுதி அடித்தேன். கடைசியில் நிஜமாகவே ஒன்றை எரியவிட்டுப் பார்த்தேன். கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி இருந்தது.

ஹஃபீசாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம். பிடித்துப்போனவள் வாயில் என் வார்த்தையைத் திணிக்க மனசு வரவில்லை. அவள் என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மனுஷன் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.