ஒன்பதாம் பாடத்து ஜெர்மன்

கச்சிராயபாளையம் ரோட்டின் குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தபோது, மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று எதிரே வந்து நின்றது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலேஜை மூடிவிட்டதால் அவனை மரத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மரத்தை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அவன் கேட்டதற்கு, மறியலை நடத்திய அவனுடைய மாமா நாராயணசாமி, "படிச்சவன் மாதிரி கேள்வி கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

மலைமேல் சாமை விதை சேகரிக்க வந்த ஜெர்மன்காரர் இவர் என்று டிரைவர் சொன்னதும் அத்தனை தலையும் கொளஞ்சியின் பக்கம் திரும்பியது. தப்பு அவனுடையதுதான். ஜெர்மன் வானொலிக்குக் கார்டு போட்டு இலவசமாக வரவழைத்த பாடப்புத்தகத்தை மூன்று வருஷமாக ஊர் பார்க்கச் சுமந்து திரிந்தவன். இங்கிலீஷில் இரண்டு பேப்பர் அரியர் இருப்பதை யாரும் விசாரிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

"போய்ப் பேசு மாப்ள. மானத்த வாங்கிடாத," என்றார் மாமா.

மூச்சு வாங்காமல் அவனால் சொல்ல முடிந்த ஜெர்மன் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் பாடம், பிறந்தநாள் விருந்து. கையில் கோப்பையோடு ஒருவன் சிநேகிதனின் தோளைத் தட்டிக் கேட்பான். கொளஞ்சியும் தட்டினான்.

"நா, மாஹ்ட்ஸ் ஷ்பாஸ்?"

என்னப்பா, ஜாலியா இருக்கியா?

புத்தகத்தில் இதற்குப் பதில், 'ஓ, ரொம்ப!' இவரோ அவனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு ஜெர்மனில் கொட்டித் தீர்த்தார். கண் கலங்கியிருந்தது. 'முட்டர்' மட்டும் கொளஞ்சிக்குப் பிடிபட்டது. அது மூன்றாம் பாடம்.

"அவுங்க அம்மாவப் பத்தி சொல்றாரு மாமா."

ஜெர்மன்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்தார்.

அதற்குமேல் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த ஊருக்கு அதுவரை வந்த தந்தியெல்லாம் சாவுச்செய்திதான். நாராயணசாமி தலைத்துண்டை அவிழ்த்தார். மறியல்காரர்களுக்குக் கூழ் கொண்டுவந்த காசியம்மாள், குண்டானை இறக்கிவைத்துவிட்டு வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ மொகத்த கடைசியா பாக்க வாணாமா? இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? அனுப்புங்கடா அவர!"

தந்தி கொளஞ்சியின் கைக்கு வந்தது. ஜெர்மனில் நான்கே சொல். அம்மா, மெட்ராஸ், செவ்வாய், வருகிறார். கிழவி சாகவில்லை. விமானத்தில் வந்து இறங்குகிறாள். மகன் போகாவிட்டால் பாஷை தெரியாத ஊரில் பெட்டியோடு நிற்பாள்.

"இன்னா போட்டிருக்குது?" என்றார் மாமா.

முந்தாநாள் பெண் பார்க்கப் போனவர்களைப் பூ, பழத்தோடு திருப்பி அனுப்பிய மரம் அது. சாவுக்கு மட்டும்தான் வழி. விருந்தாளி வருகிறாள் என்றால் ஜீப் மலைக்குத்தான் திரும்பும். கொளஞ்சி தந்தியை மடித்தான்.

"அம்மாதான் மாமா." அதில் பொய் இல்லை.

ஜீப் தாண்டாத மரத்தைச் சைக்கிள் தாண்டும். சின்னசேலத்தில் ரயில் ஓடுவதாக ஒரு பேச்சு. கொளஞ்சி தன் சைக்கிளை எடுத்தான். ஜீப்பிலிருந்த ஜெர்மன்காரரின் பெட்டியை நான்குபேர் பிணத்தைத் தூக்குவதுபோல் பதமாகத் தூக்கிக் கடத்தினார்கள். காசியம்மாள் ஒப்பாரியின் முதல் அடியை இழுத்தேவிட்டாள். வழி கிடைத்துவிட்டது என்று புரிந்த ஜெர்மன்காரர், எல்லோரையும் கும்பிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பாவம், துக்கத்துல புத்தி கலங்கிப்போச்சி," என்றாள் காசியம்மாள்.

அடுத்தடுத்த மரங்களில் கொளஞ்சி 'தந்தி' என்று மட்டும் சொன்னான். துண்டுகள் இறங்கின, சைக்கிள் ஆள்மேல் ஆளாகக் கைமாறி அந்தப்பக்கம் போனது. ஐந்தாவது மரத்தைத் தாண்டியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹேண்டில்பாரில் கட்டிய பெட்டி முழங்காலை இடித்தது. கேரியரில் அவர் ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வந்தார். திடீரென்று தோளில் ஒரு தட்டு.

"நா, மாஹ்ட்ஸ் ஷ்பாஸ்?"

பதில் கொளஞ்சிக்குத் தெரியும். சொல்லத்தான் மூச்சில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. பின்னாலிருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது.

தூரத்தில் ஆறாவது மரத்தின் மேலிருந்தவர்கள் இவர்களைக் கண்டு எழுந்து நின்றார்கள். கொளஞ்சி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். சிரிக்காதீர்கள் என்பதற்கு எந்தப் பாடத்திலும் ஜெர்மன் இல்லை. கேரியர் குலுங்கிக்கொண்டே இருந்தது.