பொறுக்கலாம் பட்டியல்

தபாலம்மாவை இடது பக்கமாகச் சரிந்து படுக்கச் சொன்னால் அவரால் முடியவில்லை. தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, மகள் முதுகைத் தாங்கிக்கொள்ள, ஒருவழியாகச் சாய்ந்தார். "படுத்தா யாரோ நெஞ்சுமேல... ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா," என்றார். முப்பது வருடம் தெருத் தெருவாக நடந்து கடிதம் கொடுத்தவர். கொரோனா தொற்று வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "இதுல ஏறி ஏறித்தான் உங்களுக்கெல்லாம் நெஞ்சு வலி வருது," என்று கேலி செய்துவிட்டு நாலு மாடியும் படியேறி வந்த மனுஷி.

இதயத்தைத் திரையில் பார்க்கும் எக்கோ எடுப்பவளை ஆஸ்பத்திரி முழுக்க ஜெல்லக்கா என்றுதான் கூப்பிடும். நெஞ்சில் தடவுகிற ஜெல்லால் வந்த பெயர். "ஜில்லுனு இருக்கும், மனசுக்குள்ளயே திட்டிக்கோங்க," என்பாள், நோயாளிகள் சிரித்துவிடுவார்கள். இன்று அது வாயில் வரவில்லை. காலையிலேயே அன்றைய நோயாளிகள் பட்டியலில் தபாலம்மாவின் பெயரைப் பார்த்திருந்தாள்.

திரையில் இதயம் தெரிந்தது. ஒரு வருடமாக அவள் பார்த்துப் பழகிய இதயம்தான். அறுவை சிகிச்சைத் தழும்பை ஒட்டி எந்த இடுக்கில் கருவியை வைத்தால் அது நன்றாகத் தெரியும் என்று கைக்கே தெரியும். முன்பெல்லாம் இறுக்கி மூடித் திறக்கும் முஷ்டி மாதிரி அடித்தது, இப்போது ஊதிப் பெருத்து, ஏதோ பேருக்கு அசைந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு சதவீதம் இருந்த, ரத்தத்தைத் தள்ளும் சக்தி முப்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. மூன்று முறை அளந்தாள். மெஷினுக்கு யார்மேல் இரக்கம்? மூன்று முறையும் அதே முப்பத்து நாலு.

தபாலம்மாவின் மார்பில் வந்த புற்றுக்குப் போடுகிற ஊசி நல்ல ஊசிதான். ஆனால் சில பேருக்குப் புற்றை அடிக்கிற கையோடு இதயத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிடும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை கொடுத்துத் தேற்றி, மறுபடி தொடங்கலாம். முப்பத்து நாலு ஆரம்பம் இல்லை. இனி ஊசியை நிறுத்தினால் புற்று தலைதூக்கலாம், போட்டால் இதயம் நின்றுவிடலாம்.

தொற்று ஊரை அடைத்துப் போட்டிருந்த நாட்களில் பெரிய டாக்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எக்கோவுக்கு வரவேண்டிய எல்லோருக்கும் ஜெல்லக்கா போன் செய்ய வேண்டும். மூன்று கேள்விகள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் 'உடனே' பட்டியல். மூன்றும் 'இல்லை' என்றால் 'பொறுக்கலாம்'. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'உடனே' பட்டியலில் ஏறுகிற ஒவ்வொரு பெயரும் அவள் பக்கத்தில் வந்து படுக்கும் ஆள். எக்கோ எடுப்பவள் எட்ட நின்று எடுக்க முடியுமா? அரை மணி நேரம் நோயாளியின் மேல் கவிந்து, அவர் விடுகிற மூச்சை இவள் வாங்க வேண்டும். பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரர் தொற்று வந்து பன்னிரண்டே நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டிலோ ஆஸ்துமாக்காரக் கணவர். பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. யாரும் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் தபாலம்மாவுக்கும் போன் செய்தாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"எங்கம்மா ஏர்றது! பையன் என்னைக் கீழ் ரூம்லயே... உக்கார வெச்சுட்டான். கட்டிலு, பாத்ரூமு, அவ்வளவுதான் என் உலகம். ஆனா பாத்ரூம் போய்ட்டு வந்தாலே கொஞ்சம்... உக்காந்துக்கணும்னு தோணுது."

"வயசாகுதில்லம்மா."

"அதைச் சொல்லு!" என்று சிரித்தார் அந்த அம்மா.

ஏறினால்தானே வாங்கும்? ஜெல்லக்கா 'இல்லை' என்று எழுதினாள். மற்ற இரண்டையும் ஒப்புக்குக் கேட்டு, பதில் முடிவதற்குள் எழுதினாள். அந்த அம்மாவின் பேச்சு மூச்சுக்காக நடுநடுவே முறிந்தது அவள் காதில் விழாமல் இல்லை. பதினோரு வருடம் பழகிய காது. கேட்டுவிட்டுத்தான் 'பொறுக்கலாம்' என்று குறித்தாள். விட்டது தொல்லை என்று அடுத்த எண்ணை அழுத்தினாள். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"டாக்டர் காலையில ஃபைலைப் படிச்சுக் காட்டினார்," என்றாள் மகள், தாயின் முதுகைத் தாங்கியபடியே. "போன் பண்ணிக் கேட்டப்போ ஒண்ணுமே இல்லன்னு சொன்னியாமே? ஏம்மா மறைச்ச? அப்பவே வாயைத் தெறந்து சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"சொன்னேன்னுதான்டி... நெனச்சேன்."

"இல்லன்னுதாம்மா ஃபைல்ல எழுதியிருக்கு!"

"அப்ப சொல்லலபோல. இந்த ஊசி போட்டதுலேர்ந்து... எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கிறதில்ல. என் தப்புதான், விடு."

அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கித் தலையணையில் ஊறியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஜெல்லக்காவுக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, எரிந்தது. சும்மா இருந்துவிடலாம். ஃபைலில் இருப்பதுதான் உண்மை என்று இந்த அம்மாவே நம்பிவிட்டார். வேலை போகாது, பெயர் கெடாது. யாரும் கேட்கப்போவதில்லை.

"அம்மா சொன்னாங்க," என்றாள் ஜெல்லக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பாத்ரூம் போய்ட்டு வந்தாலே முடியலன்னு சொன்னாங்க. நான்தான் எழுதல. ஆள் வந்தா எனக்கு ஒட்டிக்குமோன்னு பயம். வேணும்னேதான் எழுதல."

மகள் வெறித்துப் பார்த்தாள். தபாலம்மா மெல்லத் தலையைத் திருப்பினார். ஜெல்லக்கா திட்டுக்குக் காத்திருந்தாள். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

"பாத்தியாடி?" என்றார் அந்த அம்மா மகளிடம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் குழந்தை மாதிரி விரிந்திருந்தன. "நான் சொன்னேன். எனக்கு ஞாபகம்... இருக்கு பாரு."

மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைத் திணித்துவிட்டு, பெரிய டாக்டரைப் பார்க்க வேகமாக வெளியே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி. அது இல்லாமல் டாக்டரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. ஜெல்லக்கா கருவியைத் தழும்பின் ஓரத்தில் வைத்தாள். தபாலம்மாவின் மூச்சிரைப்பில் திரையில் படம் நிற்கவில்லை.

"மூச்சை இழுத்து, அப்படியே நிறுத்துங்கம்மா. நான் விடச் சொல்றவரைக்கும்."

தபாலம்மா இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து இழுத்து நிறுத்தினார். படம் கிடைத்துவிட்டது. 'விடுங்க' என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகை அடைத்துக்கொண்டு வார்த்தை வரவில்லை. விரல் நுனிகள் நீலம் பாரித்து வர, அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சை விடாமல் காத்திருந்தார்.